ஆடி மாதமும் அப்பாவின் கையெழுத்தும்

போன வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி தாண்டியிருக்கும். காலை வேலை முடித்து வந்த கையோடு குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். வெளியில் போயிருந்த மகள் தாரணி உள்ளே வந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். தண்ணீர் குடித்தாள். பிறகு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பவள் போலக் கேட்டாள்:

“அப்பா, நீங்கள் ஆபத்தான ஆளோ?”

என் கையில் கத்தி. கண்ணில் தண்ணீர் – வெங்காயத்தால்.

கத்தியை மெதுவாகக் கீழே வைத்தேன். ஏன் வைத்தேன்? தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வி வந்தால், கத்தி வைத்திருக்கும் எவனும் முதலில் அதைத்தான் செய்வான் போலிருக்கிறது.

“ஆர் கேட்டது?”

“காலேஜில. உதவிப்பணம் பாக்கிற ஒஃபிஸில இருக்கிற லேடி.”

நான் வாழ்க்கையில் கை ஓங்கியது நுளம்புக்கு மட்டும்தான். அதிலும் பாதி தப்பிவிடும். பேருந்தில் யாராவது என் காலை மிதித்தால் நான்தான் ‘பார்தோன்’ என்று மன்னிப்புக் கேட்பேன். அப்படிப்பட்ட என்னைப் பற்றி, மொன்றியல் நகரத்தின் ஒரு கல்லூரி அறையில், முகம் தெரியாத ஒரு அம்மணி கதவைச் சாத்திவிட்டு விசாரித்திருக்கிறார்.

எப்படி வந்தது இந்தக் கதி? வெட்கத்தை விட்டுச் சொன்னால் – இதே பத்தியில்தான் தொடங்கியது.

சித்திரை மாதமளவில் ஐரோப்பிய நாடுகளைப் பற்றி இங்கே எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? இல்லாவிட்டால் மிகவும் நல்லது. தொட்டில் முதல் சுடுகாடு வரை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் நாடுகளில் மனிதன் சோம்பேறியாகிறான்… சம்பளத்தில் பாதியை வரியென்று பிடுங்கி, அதையே சலுகையென்று திருப்பிக் கொடுப்பது ஒரு கண்கட்டு வித்தை… உண்மையான விடுதலை என்பது பொருளாதாரச் சுதந்திரம்தான்… என்றெல்லாம் வெளுத்து வாங்கியிருந்தேன். அதில் ஒரு வரி எனக்கே மிகவும் பிடித்திருந்தது. ‘இன்னொருவனின் கையெழுத்துக்காகக் காத்திருக்காதவனே சுதந்திர மனிதன்.’

ரொறன்ரோவில் சொந்தமாக மூன்று கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் போன் எடுத்துப் பாராட்டினார். நோர்வேயில் இருந்து இன்னொருவர் எழுதினார்: ‘ஐயா, நீங்கள் ஒருமுறை எங்கள் ஊரில் வேலை இழந்து பார்க்கவேண்டும்.’ அதைப் பாராட்டு என்று எடுப்பதா, சாபம் என்று எடுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதாக வந்தது என் தம்பி சிவாவின் போன். டென்மார்க்கில் ஒரு சின்ன ஊரில் இருபது வருடமாக இருக்கிறான். கட்டுரையை இணையத்தில் வாசித்திருக்கிறான்.

“அண்ணை, வாசிச்சனான். லீவு வருது. நேரில வந்து கதைக்கிறன்.”

ஒரு கட்டுரைக்குப் பதில் சொல்ல அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வந்த முதல் வாசகன் அவனாகத்தான் இருக்கும். ஆடி பிறந்த கிழமை வந்து இறங்கினான். கூடவே அவன் மகள் மீரா. இருபத்தொரு வயது, அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை அன்று முதல் பாராளுமன்றம் ஆகிவிட்டது.

“சம்பளத்தில பாதியை எடுக்கிறாங்களே, உனக்கு வயிறு எரியேல்லையோ?” இது நான்.

“எரியும் அண்ணை. ஆனா வயிறெரிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனா அங்க காசு கேக்க மாட்டாங்கள்.”

“இஞ்சையும் கேக்க மாட்டாங்கள்.”

“ஓம். இஞ்ச நேரம்தான் கேப்பாங்கள். போன முறை வந்தேக்க உங்கட வயித்துக்குத்தோட ஆஸ்பத்திரியில விடிய விடியக் காத்திருந்தது எனக்கு மறக்கேல்லை.”

என் மனைவி ரஞ்சி சிரித்தாள். வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி.

“அதை விடு. கொம்பனிக்காரன் எப்பிடி அங்க தொழில் செய்யிறது? சட்டம், வரி, யூனியன்…”

“அண்ணை, இந்தப் பொருளாதாரச் சுதந்திரப் பட்டியல் போடுறாங்களே, அவங்களே டென்மார்க்கை மேலதான் வைக்கிறாங்கள். நீங்கள் அதை வடிவாப் பாக்கேல்லைப் போல. கடை திறக்கிறதும் லேசு, ஆளை நிப்பாட்டுறதும் லேசு. என்னைக் காத்தாடி ஃபக்டரியால நிப்பாட்டேக்க முதலாளி கேக் வாங்கித் தந்தவன்.”

“கேக்கோ?”

“ஓம். கேக் பழுதாக முதலே நகரசபையால கடிதம் வந்திட்டுது. என்ன படிக்க விருப்பம், எப்ப வாறீர் எண்டு.”

அப்படித்தான் அவன் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையைப் படித்திருக்கிறான். இப்போது அதுதான் தொழில். காற்றாலை இறக்கையைவிட மனிதர்கள் பரவாயில்லையாம், சிலவேளை நன்றி சொல்வார்களாம்.

எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம்தான். என் கட்டுரையில் பொருளாதாரச் சுதந்திரமும் சமூகநல அரசும் பரம எதிரிகள். ஒன்று இருக்கும் ஊரில் மற்றது தண்ணீர்கூடக் குடிக்காது. இவன் சொல்வதைப் பார்த்தால் இரண்டும் அங்கே ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகின்றன. எழுதுவதற்கு முன் ஒருமுறை விசாரித்திருக்கலாமோ? ஆனால், பத்தி எழுத்தாளன் விசாரிக்கத் தொடங்கினால் பத்தி எப்படி வரும்?

என்னை மீட்டது மீராதான்.

வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. ஒரு காலை தோளில் பையோடு வந்து நின்றாள். ஹலிஃபாக்ஸுக்குப் போகிறாளாம். பஸ்ஸில். தனியாக. நாலைந்து நாளில் வருவாளாம்.

“அப்பா, போட்டு வாறன். பெரியப்பா, போட்டு வாறன்.”

என் தம்பி தலையைக்கூட முழுதாக நிமிர்த்தவில்லை. “கவனம்,” என்றான்.

அவ்வளவுதான். கவனம்!

கதவு சாத்தியதும் கேட்டேன்: “நீ வேண்டாம் எண்டு சொல்ல மாட்டியோ?”

“என்னெண்டு சொல்லுறது? அங்க படிக்கிற பிள்ளையளுக்கு அரசாங்கம் நேர காசு குடுக்குது. தகப்பன் என்ன உழைக்கிறான் எண்டும் அவளின்ர வயசில கேக்கிறேல்லை. அவள் தனிய ஒரு அறையில இருக்கிறாள், தன்ர பாட்டில டிக்கெட் எடுக்கிறாள். என்னட்டச் சொன்னதே மரியாதைக்கு.”

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். இதோ, அகப்பட்டுவிட்டது! சமூகநல அரசு முதலில் தொழிலாளியின் பயத்தைப் போக்கியது. பிறகு மனைவிக்குக் கணவன் மேல் இருந்த பயத்தை. கடைசியில் தகப்பனின் வேலையையும் பறித்துக்கொண்டது. என் தம்பியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு பிள்ளையைப் பெற்று, வளர்த்து, ‘கவனம்’ என்ற ஒரே ஒரு சொல்லோடு நிற்கிறான்.

“அதுமட்டுமில்லை அண்ணை,” என்று அவனே எனக்கு எடுத்துக் கொடுத்தான். “சின்னனில நகரசபைக்காரர் இவளின்ர பல்லையும் எண்ணினவங்கள். ஒண்டு சூத்தையெண்டா எனக்குக் கடிதம். தகப்பன் எண்டு நான் ஒருத்தன் இருக்கத்தக்கதா, அங்கால இன்னொரு தகப்பன் – கொஞ்சம் பெரிய தகப்பன்.”

கியூபெக் மாகாணத்தை நான் நேசிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். இங்கேயும் மாணவர்களுக்கு அரசாங்க உதவிப்பணம் உண்டு. ஆனால், டென்மார்க் போலக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை. தாய் தகப்பன் தங்கள் வருமானத்தைக் காட்டி, ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். கையெழுத்து இல்லையென்றால் காசு இல்லை. எவ்வளவு பண்பாடு தெரிந்த அரசாங்கம்!

அந்தப் படிவம் அப்போது என்னிடம்தான் இருந்தது.

தாரணி, பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் இந்த மாகாணம் வைத்திருக்கும் கல்லூரியைப் படித்து முடித்துவிட்டாள். கணக்கியல் படிப்பாள், இங்கேயே, வீட்டில் இருந்து மெற்றோவில் போய்வருவாள் என்று நான் முடிவு செய்திருந்தேன். அவள் காட்டியல் படிக்க முடிவு செய்திருந்தாள். காடு! அதுவும் பஸ்ஸில் மூன்று மணித்தியாலம் தள்ளி, கியூபெக் நகரத்தில். இடமும் கிடைத்துவிட்டது. எங்களுக்குச் சொன்னது இடம் கிடைத்த பிறகு.

அங்கே போய்த் தங்குவதென்றால் அறை வேண்டும், சாப்பாடு வேண்டும். சனி ஞாயிறில் அவள் செய்யும் கடை வேலை பஸ் காசுக்குத்தான் காணும். ஆகவே உதவிப்பணம். ஆகவே படிவம். ஆகவே நான்.

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. படித்த தகப்பன் அப்படியெல்லாம் சொல்வானா? “ஓம் பிள்ளை, அதுக்கென்ன,” என்றேன். படிவத்தை வாங்கி நாலு பக்கமும் வாசித்தேன். பிறகு நெற்றியைச் சுருக்கினேன்.

“ஆனா பார், இப்ப ஆடி. முதன்முதலாப் படிப்புக்கு வைக்கிற கையெழுத்து. ஆவணி பிறக்கட்டும், நல்ல நாளாப் பாத்து வைப்பம்.”

படிவத்தைக் கொண்டுபோய்ச் சாமித்தட்டில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தேன். கும்பிட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

ரஞ்சி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னப்பா இது? எங்கட கலியாண எழுத்தே ஆடி மாதத்திலதானே நடந்தது?”

“அது அவசரம். நாட்டு நிலைமை.”

“ராகுகாலத்தில வேலைக்கு இன்ரவியூக்குப் போன மனுசன்…”

உண்மைதான். நான் நாள் நட்சத்திரம் பார்க்காதவன். இதே பத்தியில் சோதிடர்களைக் கிண்டல் செய்து குறைந்தது நாலு முறை எழுதியிருப்பேன். ஆனால் எனக்கு ஒரு விடயம் தெரியும். அறையை உறுதி செய்யவேண்டிய கடைசி நாள், ஆவணி பிறப்பதற்கு இரண்டு நாள் முந்தி வருகிறது. அது தாரணிக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

இப்போது எழுதும்போதுகூட இந்த இடத்தில் கை கூசுகிறது. ஆடி எனக்கு நம்பிக்கை அல்ல – வசதி. மறுப்பின் குற்றவுணர்வு இல்லாமல் மறுப்பதற்கு ஒரு முழு மாதத்தை நம் முன்னோர்கள் ஒதுக்கி வைத்திருக்கிறார்களே, சும்மா விடுவதா?

மூன்று கிழமை போனது. தாரணி இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் “ஆடி, பிள்ளை” என்றேன். மூன்றாம் தரம் அவள் கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளை விளங்கிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

விளங்கித்தான் இருக்கிறாள். வியாழக்கிழமை காலை எழும்பி, பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் உதவிப்பணம் எடுக்க வழி இருக்கிறதா என்று கேட்கக் கல்லூரிக்குப் போயிருக்கிறாள்.

நான் கத்தியை வைத்துவிட்டு மேசைக்கு வந்தேன். சிவா தேத்தண்ணியோடு அங்கே இருந்தான். ஹலிஃபாக்ஸால் திரும்பிய மீரா அன்றும் ஊர் சுற்றப் போயிருந்தாள். ரஞ்சி உள் அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். தாரணி நடந்ததைச் சொன்னாள்.

“வழி இருக்காம் அப்பா. ஒரு லிஸ்ட் காட்டினா. கலியாணம் கட்டியிருந்தா உங்கட சைன் தேவையில்லை. பிள்ளை இருந்தாலும் தேவையில்லை.”

“என்னது?” உள் அறையில் இருந்து ரஞ்சியின் குரல்.

“லிஸ்டில இருக்கிறதைச் சொல்லுறன் அம்மா! பேந்து, ஏன் உங்கட அப்பா சைன் பண்ணேல்லை எண்டு கேட்டா. மாதம் சரியில்லை எண்டன்.”

“ஐயோ.”

“என்ன மாதம் எண்டு கேட்டா. ஆடி எண்டன். ஆடியில நல்ல காரியம் செய்யிறேல்லை, பேப்பரைச் சாமியோட வைச்சிருக்கிறார் எண்டன்.”

“ஏன் பிள்ளை உதெல்லாம் போய்…”

“கேட்டா சொல்லத்தானே வேணும்? நல்ல காரியம் எண்டா என்ன எண்டா. கலியாணம் மாதிரி எண்டன். அப்ப பேனையைக் கீழ வைச்சிட்டா.”

சிவாவுக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது.

“எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினா. டிஷூப் பெட்டியை எனக்குக் கிட்டத் தள்ளி வைச்சா. இந்த மாதம் எப்ப முடியுது எண்டு மெதுவாக் கேட்டா. வாற கிழமை எண்டன். சித்தப்பா, அவவின்ர முகத்தை நீங்கள் பாத்திருக்கவேணும்!”

சிவா மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான். ரஞ்சியும் வாசலில் வந்து நின்று, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கடவுளே, சிரித்தேன்தான்.

பிறகு தாரணி சிரிப்பதை நிறுத்தினாள்.

“வீட்டில உனக்குப் பயமில்லையோ எண்டு கேட்டா. இல்லை எண்டன். அப்பா ஆபத்தான ஆளோ எண்டு கேட்டா.”

“நீ என்ன சொன்னனி?”

“இல்லை எண்டுதான்.” அவள் கிளாஸின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டிருந்தாள். “ஆனா… ஒரு செக்கன்ட் யோசிச்சன் அப்பா.”

ரஞ்சி வாசலில் இருந்து வந்து, கதிரையை இழுத்து மேசையில் உட்கார்ந்தாள்.

வாசகர்களே, ஒரு செக்கன்ட் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அதற்குள் இன்னும் இருக்கிறேன்.

அந்த லிஸ்டில் கடைசியாக இன்னொரு வழியும் இருந்ததாம். வீட்டில் உறவு கெட்டுப்போயிற்று, பிள்ளை இனிப் பெற்றோரிடம் போகமுடியாது என்று சமூக சேவையாளர் ஒருவர் கடிதம் கொடுத்தால் போதும். பிறகு அரசாங்கம் தகப்பனைத் தேடாது. அம்மணி ஒரு தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்து, தானே பேசி உதவுவதாகவும் சொல்லியிருக்கிறார். தாரணிதான் வேண்டாம் என்றிருக்கிறாள். நல்ல மனுசி. உண்மையாகத்தான் சொல்கிறேன், நல்ல மனுசி. என் பிள்ளைக்காகக் கவலைப்பட்டிருக்கிறார்.

ஒரே ஒரு கடிதம். பத்தொன்பது வருடத் தகப்பன் காலி.

“நீ ஏன் வேண்டாம் எண்டனி?” என்று கேட்டேன்.

“பொய் சொல்ல ஏலாதே அப்பா. நீங்கள் பொல்லாத ஆள் இல்லை. பயந்த ஆள். அதுக்கு லிஸ்டில பெட்டி இல்லை.”

சிவா கோப்பையை நகர்த்தி வைத்தான். இந்த முறை அவன் முகத்தில் பகிடி இல்லை. சொன்னது மட்டும் பகிடி மாதிரி இருந்தது.

“இப்ப விளங்குதோ அண்ணை, எங்கட அரசாங்கம் ஏன் பிள்ளையளின்ர கையில நேர குடுக்குது எண்டு? கூடாத தகப்பன்மாருக்காக இல்லை. உங்களை மாதிரி நல்ல தகப்பன்மாரிட்ட இருந்து காப்பாத்தத்தான்.”

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. வந்தது வேறொன்று.

போர் நடந்த நாட்கள், யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறுவதற்குப் பாஸ் – அனுமதிச் சீட்டு – எடுக்கவேண்டியிருந்த காலம். நான் அப்போது பள்ளிக்கூட வாத்தியார். ஒரு மேசை. அதற்குப் பின்னால் ஒருவர். அவர் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. கத்தியதில்லை. மரியாதையாக, “நாளைக்கு வாங்கோ மாஸ்டர்,” என்பார். அடுத்த நாளும் அதே சிரிப்பு, அதே நாளைக்கு. பதினொரு நாள் போனேன். பதினொரு நாளும் அவர் மேல் எனக்கு வந்த வெறுப்பை இன்றுவரை நான் வேறு எவர் மேலும் உணர்ந்ததில்லை. ஒரேயடியாக இல்லை என்று சொல்லியிருந்தால்கூட அவரை மன்னித்திருப்பேன்.

அந்தப் பாஸில் மூன்று பெயர். மூன்றாவது பெயர் தாரணி. வயது எட்டு மாதம்.

அவளுடைய இரண்டாவது பாஸ் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருந்தது. மேசைக்குப் பின்னால் நான் இருந்தேன்.

இன்னொருவனின் கையெழுத்துக்காகக் காத்திருக்காதவனே சுதந்திர மனிதன் – எழுதியது யார்? நான். அப்போது என் மனதில் இருந்தது யார்? கடை முதலாளி, வரி கட்டுகிறவன், ஆண், நாற்பது வயதுக்கு மேல். அந்த வரிக்குள் பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி வந்து நிற்பாள் என்று யார் கண்டது? அரசாங்கம் மக்களின் கையைப் பிடித்து வைத்திருக்கக்கூடாது என்று நாங்கள் உரக்கச் சொல்வோம். எங்கள் வீட்டுக் கைகளை மட்டும் நாங்கள் பிடித்து வைத்திருப்போம். அதற்குப் பாசம் என்று பெயர். வரி விலக்கும் உண்டு.

எழும்பினேன். படிவத்தை எடுத்து வந்தேன். அதன் மேல் கொஞ்சம் திருநீறு கொட்டியிருந்தது, ஊதிவிட்டேன். பேனையைத் திறந்தேன்.

“பொறுங்கோ!” என்று ரஞ்சி கத்தினாள்.

“என்ன?”

“மணி ரெண்டே முக்கால். வியாழக்கிழமை. மூண்டு வரைக்கும் ராகுகாலம்.”

“ஆடியில எழுத்து வைச்ச மனுசி நீ!”

“ஆடி வேற, ராகுகாலம் வேற. பிள்ளை காட்டுக்குப் போகப்போறாள். மூண்டு கிழமை அவளைக் காக்க வைச்சீங்கள். எனக்காகப் பதினைஞ்சு நிமிசம் பொறுக்கேலாதோ?”

இவள் இதை உண்மையாகவே நம்புகிறாள்! என் பொய்யைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தவள், தன் நம்பிக்கையை எனக்குக் காட்டாமல் வைத்திருந்திருக்கிறாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தாரணி என் கையில் இருந்து பேனையை வாங்கி மூடி வைத்தாள்.

“அம்மா சொல்லுறா. பொறுங்கோ அப்பா.”

எனக்கு அவள் காட்டவேண்டிய அவசியமே இல்லாத பொறுமை அது.

அப்படியே உட்கார்ந்திருந்தோம். மேசையில் படிவம். சுற்றிலும் நாலு பேர். நான் மூன்று மாதமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

“காட்டியல் எண்டா… என்ன படிப்பிக்கிறது?”

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். மரத்தின் மொட்டைத் தின்னும் ஒரு பூச்சி இருக்கிறதாம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஆனால் காடு காடாக முடித்துவிடுமாம். எந்த மரத்தை வெட்டலாம், எதை விடவேண்டும் என்று யாரோ ஒருவர் நடந்து நடந்து பார்க்கவேண்டுமாம். முதல் வருடக் கோடையிலேயே காட்டுக்குக் கூட்டிப் போவார்களாம். சொல்லும்போது கைகள் இரண்டும் ஆடின. கணக்கியல் என்று நான் சொன்ன நாட்களில் அந்தக் கைகள் அசையாமல் மடியில் கிடந்தது ஞாபகம் வந்தது.

“கரடி வருமோ?”

“வரும்.”

“வந்தா?”

“ஓடக்கூடாது. கத்தக்கூடாது. முகத்தைப் பாத்துக்கொண்டு மெதுமெதுவாப் பின்னால போகவேணும்.”

“உங்களோட இவ்வளவு காலம் இருந்த பிள்ளைக்கு அது சிரமமே?” என்றாள் ரஞ்சி.

மூன்று மணி தாண்டி இரண்டு நிமிடம். கையெழுத்து வைத்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கோணலாக ஒரு கையெழுத்து வைத்ததில்லை. தாரணி அதை இரண்டு தரம் பார்த்தாள், செல்லுமோ என்று.

வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மணி வீட்டுக்குப் போன் எடுத்தார். போனைத் தூக்கியது நான். தாரணி நலமா என்று பிரெஞ்சில் கேட்டார். நலம், கையெழுத்து வைத்தாயிற்று என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். யார் பேசுவது என்று கேட்டார். அப்பா என்றேன். “ஆ…” என்றார். இந்த நாட்டில் இத்தனை வருடத்தில் இவ்வளவு கவனமான ஒரு ‘ஆ’வை நான் கேட்டதில்லை. “மெர்சி மதாம்,” என்று நன்றி சொன்னேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஐரோப்பாவைப் பற்றி நான் எழுதியதை முழுதாக வாபஸ் வாங்குகிறேனா? இல்லை. வரி அதிகம்தான். ஒரு பிள்ளையின் பல்லை எண்ணும் அரசாங்கம் நாளைக்கு எதை எண்ணும் என்ற பயமும் எனக்கு உண்டு. தகப்பனை ஒரு கடிதத்தால் நீக்கிவிடலாம் என்பதும் அவ்வளவு சிரிக்கிற விடயம் இல்லை. ஆனால், நான் இருந்த அந்த மேசையை டென்மார்க்கில் முதலே எடுத்துவிட்டார்கள். அங்கே என் தம்பி உட்கார இடமில்லாமல் ‘கவனம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு நிற்கிறான். அது தோல்வி என்று நினைத்தேன். அந்த ஒரு சொல்லை மீரா நின்று கேட்டுவிட்டுத்தான் போனாள் என்பதை நான் கவனிக்கவில்லை.

சிவா போகும்போது இன்னொன்றும் சொன்னான். படிவத்தைப் பார்த்திருக்கிறான். என்னுடைய வருமானத்துக்கு அரசாங்கம் கொஞ்சம்தான் கொடுக்கும், மிச்சத்தைத் தகப்பன் கொடுக்கவேண்டும் என்றுதான் பதில் வருமாம். ஆக, மாதா மாதம் நான்தான் அனுப்பவேண்டும். கேள்வி கேட்காமல், நிபந்தனை போடாமல், காட்டுக்கு ஏன் போகிறாய் என்று விசாரிக்காமல். இந்த வயதில் நானும் ஒரு சமூகநல அரசாக மாறவேண்டியதுதான்.

டென்மார்க்குக்காவது திரும்ப வரி வரும். எனக்கு… கிழமைக்கு ஒரு போன் வந்தால் போதும்.